சங்கக்கடை அரிசியும் சூ என்லாயின் கடிதமும்

மாமாவைப் பொலிஸ் கூட்டிக்கொண்டுபோனது ஒரு கலண்டரால்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1971 ஏப்ரல். நான் கைக்குழந்தை. பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வானொலி தன் தமிழ் நேயர்களுக்கு அனுப்பிவைத்த கலண்டர் அது. மூடுபனிக்குள் கூம்பு கூம்பாக மலைகள், கீழே ஓர் ஓடம், ஓரத்தில் சீன எழுத்து. மலைப்படம் என்பதால் அம்மம்மா அதை முன்னறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சம்மதித்திருந்தார். மாவோ படம் என்றால் நடந்திருக்காது.

பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது 1963 ஓகஸ்டில். மாமா அப்போதிருந்தே கேட்டவர். ஒலி தெளிவாக இருக்கிறதா, எத்தனை மணிக்கு இரைச்சல் கூடுகிறது என்று மாதம் தவறாமல் எழுதிப் போடுவார். பதிலுக்குச் சிவப்புத் தாளில் வெட்டிய பூக்கள், புத்தகக்குறிகள், வருசக் கடைசியில் கலண்டர். வந்த பொலிஸ்காரருக்குத் தமிழும் வாசிக்க வராது, சீனமும் வராது. கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். நாலு மாதம்.

மாமா உள்ளே இருந்த அந்த நாட்களில்தான், கலண்டரை அச்சடித்து அனுப்பிய நாட்டின் பிரதமர் சூ என்லாய், மாமாவை உள்ளே வைத்திருந்த நாட்டின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடத் தொடக்கத்தில், 2025 ஜனவரியில், ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க இலங்கையின் ஜனாதிபதியாகப் பீக்கிங் போய் ஷி ஜின்பிங்கோடு கைகுலுக்கும் படத்தைப் பார்த்ததும், இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. 1971 கடிதமே அந்தக் கட்சியின் கிளர்ச்சியைப் பற்றியதுதான்.

சேகுவேரா பிரச்சினை என்று எங்கள் ஊரில் சொல்லும் கிளர்ச்சி அது. 1971 ஏப்ரல் 5 அன்று தெற்கில் பொலிஸ் நிலையங்களை ஒரே நேரத்தில் தாக்கினார்கள். தாக்கியவர்களில் பெரும்பாலானோர் படித்து வேலை கிடைக்காத சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீர மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தவர், திரும்பி வந்து சீனப் பக்கம் சாய்ந்தார், நா. சண்முகதாசனின் பீக்கிங் பிரிவுக் கம்யூனிஸ்ட் கட்சியில் கொஞ்சக்காலம் இருந்தார்; 1966இல் வெளியேற்றப்பட்டார். கிளர்ச்சி வெடித்தபோது அவர் இருந்தது யாழ்ப்பாணச் சிறையில்.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு உலகம் முழுவதும் உதவி கேட்டது. உதவி வந்த திசைகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இந்தியா படையும் ஹெலிகொப்டரும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பியது. அந்த இரண்டு நாடுகளும் அதே வருடக் கடைசியில் ஒன்றை ஒன்று குண்டுபோட்டுக்கொண்டவை. பிரிட்டன் ஆயுதம் தந்தது, அமெரிக்கா உதிரிப்பாகம் தந்தது, சோவியத் யூனியன் மிக் விமானங்கள் தந்தது. கிளர்ச்சிக்காரர் பக்கம் நின்றதாகச் சந்தேகிக்கப்பட்டது வடகொரியா. அதன் தூதரகத்தாரை அரசு மூட்டை கட்டி அனுப்பிவிட்டது.

சரி, சீனா? உலகத்துக்கே புரட்சியை ஏற்றுமதி செய்வதாக அப்போது பேசப்பட்ட நாடு. கலாசாரப் புரட்சி இன்னும் முடியவில்லை. கிராமப்புற இளைஞர், ஆயுதம், அரசுக்கு எதிரான எழுச்சி: பீக்கிங் வானொலி மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்லும்போது எதைக் கொண்டாடுமோ, எல்லாம் இங்கே இருந்தது. ஏப்ரல் 26 தேதியிட்ட கடிதத்தில் சூ என்லாய், சேகுவேராவாதிகள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு கூட்டம் கிளப்பிய குழப்பம் அடக்கப்பட்டதில் சீன மக்களுக்கு மகிழ்ச்சி என்று எழுதினார். அந்தக் கூட்டத்துக்குள் அந்நிய உளவாளிகள் புகுந்துவிட்டதாகவும் எழுதினார். கூடவே 15 கோடி ரூபாய், வட்டியில்லாக் கடன். அந்த நேரம் ஆற்றில் பிணங்கள் மிதந்துகொண்டிருந்தன. செத்தது ஆயிரக்கணக்கில்.

இதைத் தனியாக எடுத்தால் ஒரு சின்னத் தீவுக்கு எழுதிய ஒரு கடிதம்தானே என்று தோன்றும். சூ என்லாய்க்கு அந்த ஏப்ரல் எப்படிப் போனது என்று முழுதாகப் பார்க்கவேண்டும். மாதத்தின் நடுவில் பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹியா கானுக்கு ஒரு கடிதம் போகிறது: கிழக்கு பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசத்தில்) நடப்பது உங்கள் உள்நாட்டு விவகாரம், இந்தியா தலையிட்டால் நாங்கள் உங்கள் பக்கம் என்று. டாக்காவில் இராணுவம் மார்ச் 25 இரவு தொடங்கிய கொலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அங்கே விவசாயிகளின் தலைவராக இருந்த மௌலானா பாசானி நெடுங்காலம் பீக்கிங் ஆதரவாளர். சிவப்பு மௌலானா என்றே பெயர். அவர் இந்தியாவுக்குள் ஓடினார், மாவோவுக்கே முறையிட்டார். பலனில்லை. பிறகு ஏப்ரல் 14. பீக்கிங்கில் மக்கள் பேரவை மண்டபத்தில் சூ என்லாய் அமெரிக்க மேசைப்பந்து அணியைச் சிரித்தபடி வரவேற்கிறார். 12 நாள் கழித்து எங்கள் கடிதம்.

மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகள். பாகிஸ்தான் வழியாகத்தான் அமெரிக்காவுடன் இரகசியப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 9 அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகர் கிசிங்கர், இஸ்லாமாபாத்தில் வயிற்றுவலி என்று சொல்லிக் காணாமற்போய்ப் பீக்கிங்கில் இறங்கினார். 1972 பெப்ரவரியில் நிக்சனே வந்தார். அந்தக் கதவு திறந்திருக்கவேண்டும் என்பதற்காக இரண்டு தலைநகரங்களும் டாக்காவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட், தன் அரசின் மௌனத்தை எதிர்த்துத் தந்தி அனுப்பினார். ஜனநாயகம் என்று பேசும் அரசாங்கத்துக்கு அந்தத் தந்தியும், புரட்சி என்று பேசும் அரசாங்கத்துக்குப் பாசானியின் முறையீடும் ஒரேமாதிரித் தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். பிளட்டின் வேலை பறிபோகவில்லை, ஆனால் இடம் மாற்றினார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் நிறுத்திவிடுவார்கள். பார்த்தீர்களா, கொள்கை என்பதெல்லாம் வேசம், நாடுகளுக்கு நலன்தான் உண்டு என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் புத்திசாலி மாதிரியும் இருக்கும்.

ஆனால் அந்த நலன் எங்கிருந்து வந்தது? சீனா 1971இல் பயந்தது அமெரிக்காவுக்கு அல்ல, சோவியத்துக்கு. வியட்நாமில், தன் எல்லைக்குப் பக்கத்தில், குண்டு போட்டுக்கொண்டிருந்தது அமெரிக்கா. தாய்வானைக் காத்துக்கொண்டிருந்ததும் அமெரிக்கா. சோவியத் ஒரு காலத்து அண்ணன். தொழிற்சாலைகளைக் கட்டித் தந்த அண்ணன். 1956இல் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்ததிலிருந்து மார்க்சியத்தைத் திரித்தது யார் என்று இரு கட்சிகளும் சண்டைபோட்டன. 1960இல் சோவியத் தன் நிபுணர்களை ஒரேயடியாகத் திருப்பி அழைத்தது. பாதி கட்டிய ஆலைகளை விட்டு, வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லைப் பிணக்கு பழையதுதான், ரஷ்யாவின் சார் மன்னர் காலத்து மிச்சம். ஆனால் இந்த வேதச் சண்டை இல்லாதிருந்தால் அது 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவில் துப்பாக்கிச் சண்டையாக முற்றியிருக்குமா என்பது சந்தேகம். அதற்குப் பிறகுதான் பீக்கிங் தெருக்களுக்குக் கீழே குண்டுக்குப் பதுங்கச் சுரங்கம் தோண்டினார்கள். நான்கு மார்ஷல்களை உட்காரவைத்து மாவோ ஆலோசனை கேட்டார். பெரிய ஆபத்து வடக்கேதான், அமெரிக்காவோடு பேசலாம் என்ற பக்கம் அவர்கள் போனார்கள். கொள்கைச் சண்டைதான் எதிரியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது. பிறகு அந்த எதிரியை வைத்து நலனைக் கணக்குப் பார்த்தார்கள்.

கணக்கு ஒருமுறை ஓடத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்றில்லை. 1973 செப்டெம்பரில் சிலியில் இராணுவத் தளபதி பினோசே சோசலிச ஜனாதிபதி அலெண்டேயைக் கவிழ்த்தபோது சோவியத் உறவை முறித்தது, சீனா முறிக்கவில்லை. அங்கோலாவில் சோவியத் ஆதரித்த பக்கத்துக்கு எதிரான பக்கத்தைச் சீனா பயிற்றியது. அதே பக்கத்துக்கு அமெரிக்க உளவுத்துறையும் கைகொடுத்தது. 1979 பெப்ரவரியில் சீனப் படை வியட்நாமுக்குள்ளேயே புகுந்தது. மாமா அந்தச் செய்தி வந்த நாளில் வானொலியை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் காலையிலேயே இரண்டாம் முறை குளித்ததாக மாமி சொல்வார்.

இப்போது பின்னால் போகவேண்டும், 1952க்கு. எங்கள் தீவில் சீனாவின் பெயர் முதலில் வந்தது கொள்கையாக அல்ல, அரிசியாக.

கொரியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. உலகத்தில் அரிசி தட்டுப்பாடு, விலை ஏறுகிறது. இலங்கையின் இறப்பருக்கோ 1951க்குப் பிறகு விலை இறங்குகிறது. அமெரிக்காவிடம் நல்ல விலை கேட்டார்கள், கிடைக்கவில்லை. சீனாவுக்கு இறப்பர் வேண்டும். ஆனால் போர்ப்பொருட்களைச் சீனாவுக்கு விற்கக்கூடாது என்று 1951இல் ஐ.நா. தீர்மானம். இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே அல்ல, 1955இல்தான் சேர்ந்தது. அந்தச் சந்துக்குள் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க நுழைந்தார். கொழும்பில் ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிஸ்ட் என்றால் கசப்பு. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தனவுக்கு அமெரிக்காவைப் பகைத்துக்கொள்வதில் விருப்பமேயில்லை. ஆனாலும் 1952 டிசம்பர் 18 அன்று பீக்கிங்கில் கையெழுத்தானது: ஐந்து வருடத்துக்கு, வருடம் 2,70,000 தொன் அரிசி, பதிலுக்கு 50,000 தொன் இறப்பர். சீனா இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே கொடுத்தது. இரு நாடுகளுக்கும் இடையில் தூதரக உறவுகூட அப்போது இல்லை. அது 1957இல்தான் வந்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு தன் சட்டப்படி உதவியை நிறுத்தியது.

கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அரசு கம்யூனிஸ்ட் நாட்டிடம் அரிசி வாங்கியது. புரட்சி நாடு முதலாளித்துவ அரசைத் தாங்கிப் பிடித்தது. அரிசி எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய விசயம். அடுத்த வருடமே, 1953இல், ஜே.ஆர். கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார். ஓகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது, டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டுப் போனார். அந்தக் காலத்தில் அரிசியைக் கொண்டுவருகிறவன் யார் என்று எந்த அரசும் சாதி சமயம் பார்க்காது.

அம்மம்மாவும் பார்க்கவில்லை. சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், கூப்பன் கிழித்து வாங்கிவந்த சீன அரிசியைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கியபடி, இது காய்ச்சினால் குழைஞ்சு போகுது, நாட்டரிசி மாதிரி வராது என்று ஒவ்வொரு கிழமையும் குறைசொல்வாராம். மாமா அதைக் கேட்டு மனம்நொந்து, சீன விவசாயி அனுப்பினது அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ என்பாராம். அந்த விவசாயி 1959க்கும் 1961க்கும் இடையில் பட்டினியால் கோடிக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தது மாமாவுக்கும் தெரியாது, அம்மம்மாவுக்கும் தெரியாது. 1961இல் சீனா கனடாவிடமும் ஆஸ்திரேலியாவிடமும் கோதுமை வாங்கியது. எங்களுடனான ஒப்பந்தத்தை முறிக்கவில்லை, 1962இல் புதுப்பித்தது. அதைக் கொள்கை என்று சொல்வதா, நலன் என்று சொல்வதா, வெறும் வீம்பு என்று சொல்வதா? இதை நினைக்கும்போதெல்லாம் அம்மம்மாவின் சுளகுதான் கண்ணுக்குள் வருகிறது.

தன்சானியா–சாம்பியா ரயில்பாதையும் இதே குழப்பம்தான். மேற்கு நாடுகள் கட்டுப்படியாகாது என்று கைவிட்ட 1,860 கிலோமீட்டர் பாதையைச் சீனா 1970இலிருந்து 1975க்குள் வட்டியில்லாக் கடனில் போட்டுக் கொடுத்தது. தன் மக்களுக்குத் துணி கூப்பனில் கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. சீனத் தொழிலாளர் பலர் அங்கேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். வெள்ளை இனவெறி ஆட்சிகளின் துறைமுகங்களை நம்பியிராமல் சாம்பியாவின் செம்பு கடலுக்குப் போகவேண்டும் என்பது கொள்கை. 1971 ஒக்டோபரில் தாய்வானை வெளியேற்றிச் சீனாவை ஐ.நா.வில் அமர்த்திய வாக்கெடுப்பில், ஆதரவான 76 வாக்குகளில் ஆபிரிக்க வாக்குகள் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் நலனும் தெரியும். பாறையில் குகை குடைந்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போரால் மூடியிருந்த யாழ்ப்பாண வீதியான ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல், மாமா கொழும்புக்கு வந்து என்னோடு கொஞ்ச நாள் நின்றார். அப்போதுதான் கேட்டேன்: “மாமா, வெளியில வந்து அந்தக் கடிதத்தை வாசிச்சபோது என்ன நினைச்சனீங்கள்?”

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “என்ன நினைக்கிறது தம்பி. அவன் தன்ர நாட்டைப் பாத்தான். நாங்கள் எங்கட நாட்டைப் பாக்காமல் அவன்ர நாட்டைப் பாத்துக்கொண்டிருந்தம். அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதானா? எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தில் மாமாவும் போனவர். தேநீர்க் கடையில் தனிக் குவளை, கோயில் வாசலில் தடை, கிணற்றில் அள்ள விடாமை: இவற்றுக்கு எதிராகப் பீக்கிங் பிரிவுக்காரர் கூட்டிய ஊர்வலம் அது. பொலிஸ் அடித்தது, கலையாமல் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு சங்கானையில், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், என்று தொடர்ந்தது. சங்கானை ஷங்காய் ஆகிறது என்று பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது அப்போதுதான். ஏளனமாகத்தான் சொன்னது; ஆனால் அதைக் கேட்டு எங்கள் பக்கத்தில் பெருமைப்பட்டவர்களும் உண்டு. மாமா வெள்ளாள வீட்டுப் பிள்ளை. அந்த ஊர்வலத்துக்குப் போய்வந்த பிறகு அவரது சொந்தப் பெரியப்பா வீட்டில் ஆறு வருடம் அவருக்கு வாசல்படிக்கு மேலே இடம் கிடைக்கவில்லை. இதைப் பீக்கிங்கில் இருந்த எவரும் செய்யச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சுன்னாகம் எங்கே என்றே தெரிந்திருக்காது. வானொலியில் வந்த வாசகங்களை இவர்கள் தங்கள் ஊர்க் கிணற்றுக்குப் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது.

பெரிய நாடுகளின் கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சைத்தான் பார்க்கிறார்கள். அங்கே அது உண்மையா பொய்யா என்று தட்டிப்பார்க்கிறார்கள். பொய்யாகவே இருக்கட்டும். சூ என்லாயின் மேசையில் சில்லறையாகச் செலவான அதே சொற்கள் மாவிட்டபுரத்து வாசலில் முழுப் பெறுமதியோடு ஓடின. அமெரிக்கச் சுதந்திரப் பேச்சும் அப்படித்தான். டாக்காவிலிருந்து தந்தி அனுப்பியவர்கள் அதை நம்பியதால்தான் அனுப்பினார்கள்.

அந்தச் சொற்களை நம்பியவர்களுக்கு அடி விழுவதும் அதனால்தான். சண்முகதாசனையும் 1971இல் உள்ளே போட்டார்கள். விஜேவீரவைக் கட்சியிலிருந்து வெளியேற்றியவர், ஜே.வி.பி.யை எதிர்த்து எழுதியவர். மலையகத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்று தன் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்த இயக்கத்துக்காக, மானிப்பாய்த் தமிழரான அவர் ஏறத்தாழ ஒரு வருடம் சிறையில் இருந்தார். மாவோ இறந்த பிறகு பீக்கிங், வல்லரசுகள், வளர்ந்த நாடுகள், வறிய நாடுகள் என்று உலகை மூன்றாகப் பிரிக்கும் மூன்று உலகக் கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்தபோது, அது மாவோவின் வழி அல்ல என்று சீனாவையே எதிர்த்தார். ஏறத்தாழ நூறு கோடிப் பேரை ஆண்ட கட்சிக்கு, கொழும்பில் ஒரு சின்ன அறையிலிருந்து, நீ வழி தவறிவிட்டாய் என்று எழுதிய ஆள். அதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா அவ்வளவு தூரம் போகவில்லை. 1979க்குப் பிறகு வானொலிக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், தமிழ் நல்லாய்ப் பேசுறாங்கள் என்பார். அது உண்மை. சீனப் பெண்கள் படித்த தமிழில் இழுத்து இழுத்து, ஒரு எழுத்தையும் விழுங்காமல் பேசுவார்கள்.

கொழும்பில் நின்ற அந்த முறை அவரைப் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடப்பது. சீனா இலவசமாகக் கட்டிக்கொடுத்த மண்டபம். 1970 கடைசியில் அடிக்கல், 1973 மே மாதம் திறப்பு. நடுவில்தான் அந்த ஏப்ரல். பளிங்குக் கல் சீனாவிலிருந்து வந்தது, வேலையாட்களில் பலரும் அங்கிருந்தே வந்தார்கள். மாமா அன்றுவரை அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்றன. ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், பலாப்பழம் பார்க்கிறவர் மாதிரி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணாந்து மேலே பார்த்தார்.

“முப்பது வருசம்” என்றார். “ஒரு வெடிப்பு இல்லை.”

பிறகு தமிழ்ப் புத்தகக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.